ரங்கூன் கல்லில் மூன்று மாடசாமிகள்

எங்கள் வீட்டில் ஒருவர் சாகவும் இல்லை, உயிரோடும் இல்லை. அவர் என் அத்தையின் கணவர், எனக்கு மாமா. நான் பிறக்கும் முன்பே சண்டைக்குப் போய்விட்டவர். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை என்றாலும், அவர் பேச்சு அடிபடாத நாள் எங்கள் வீட்டில் கிடையாது. கருவாட்டுக் குழம்பு வாசம் பிடித்துவிட்டால், "அவுகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும்" என்பாள் அத்தை. கேட்பவர்களுக்கு, மாமா பக்கத்துத் தெருவுக்குப் போயிருக்கிறார், சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுவார் என்றுதான் தோன்றும்.

மாமா பெயர் மாடசாமி, ஊர் ஆமத்தூர். கொஞ்சம் கரிசல் காடு உண்டு. பருத்தி விற்ற விஷயத்தில் தன் அப்பாவோடு ஏதோ வாய்த்தகராறு. கோபித்துக்கொண்டு விருதுநகருக்கு நடந்து போனவர், அங்கே பட்டாளத்துக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்த வரிசையில் போய் நின்றுவிட்டார். இதில் நாட்டுப் பற்று எதையும் யாரும் தேட வேண்டாம். வெறும் முன்கோபம்தான். அப்போது அத்தை வயிற்றில் அத்தை மகள் இருந்தாள். அவளை நான் மதினி என்று கூப்பிடுவேன்.

மாமாவைப் பர்மாப் பக்கம் கொண்டுபோனார்கள். கொஞ்ச காலம் கடிதாசி வந்தது. அப்புறம் 'காணவில்லை' என்று தந்தி வந்தது. சண்டை முடிந்து வெகுநாள் கழித்து, 'இறந்துவிட்டதாகக் கருதப்படுகிறது' என்று ஒரு காகிதம். அப்பா அதைப் படித்துச் சொன்னதும், "கருதுறதுன்னா என்ன தம்பி? பாத்தாகளா, பாக்கலையா?" என்று கேட்டிருக்கிறாள் அத்தை. பார்க்கவில்லைதான் என்று அப்பா ஒப்புக்கொண்டார். தந்தியையும் காகிதத்தையும் சேர்த்து அடுப்பில் போட்டுவிட்டாள் அத்தை. பிறகு பென்ஷனுக்குக் கைநாட்டு வாங்க ஓர் ஆள் வந்தபோது, அவருக்குக் காப்பி கொடுத்து, போய்வரச் சொல்லிவிட்டாள். கைநாட்டு வைத்தால் தாலியைக் கழற்ற வேண்டும். அவ்வளவுதான் அவள் கணக்கு.

அதனால் சிவகாசியில் எங்கள் வீட்டோடு இருந்த அத்தை, தாலியும் மிஞ்சியும் நெற்றி நிறையக் குங்குமமுமாகவே இருந்தாள். கல்யாண வீடுகளில் சந்தனம் குங்குமம் கொடுத்து வருகிற பெண், அத்தைக்கு முன்னால் வந்ததும் லேசாகத் தயங்குவாள். அத்தை அந்தத் தயக்கத்துக்கு இடமே கொடுக்க மாட்டாள். தானே விரலை நீட்டி எடுத்துக்கொண்டு, "ஒங்க வீட்டுல எல்லாரும் சொகமா?" என்று விசாரித்துவிடுவாள். முதுகுக்குப் பின்னால் பேசியவர்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். பர்மாவுக்குப் போன ஆண்களில் சிலர் அங்கேயே ஒரு குடும்பம் சேர்த்துக்கொண்டது ஊரறிந்த கதை. மாமாவும் பர்மாக்காரி ஒருத்தியோடு பிள்ளை குட்டியுமாகச் சொகமாக இருப்பதாக, நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்ததுபோலச் சொன்னவர்கள் உண்டு.

மதினிக்கு மாப்பிள்ளை அமைந்தது ஐம்பதுகளின் கடைசியில். ஏழாயிரம்பண்ணையில் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்த குடும்பம். அப்பா சிவகாசியில் சின்னதாக ஓர் அச்சகம் நடத்தினார். அவர்களுடைய வெடிக்கட்டு லேபிள் எல்லாம் எங்கள் அச்சகத்தில்தான். ஆர்டர் கொடுக்க வந்த இடத்தில் மாப்பிள்ளை மதினியைப் பார்த்துப் பிடித்துப்போய், வீட்டில் அடம் பிடித்திருக்கிறார். மதினிக்கும் அவரைப் பிடித்திருந்தது. லேபிள் வாங்க அவர் வருகிற நாளில் அவளுக்குத் தலை சீவ வெகுநேரம் ஆகும்.

எல்லாம் பேசி முடித்து, வெற்றிலை மாற்றப் போகிற நேரத்தில், மாப்பிள்ளையின் அம்மா ஒரு கேள்வி கேட்டாள்.

"பத்திரிக்கையில பொண்ணோட அப்பா பேர எப்படிப் போடப் போறீக?"

அச்சகம் வைத்திருக்கிற அப்பாவுக்கே அது தோன்றியிருக்கவில்லை. உயிரோடு இருப்பவர் என்றால் 'திரு'. இல்லாதவர் என்றால் 'காலஞ்சென்ற'. மூன்றாவதாக ஒரு சொல்லை அதுவரை எந்தக் கல்யாணப் பத்திரிகையும் கேட்டதில்லை.

"செத்துப்போனாருன்னா அப்படியே போடுங்க, எங்களுக்கு ஒண்ணும் இல்ல. உசுரோட இருக்காருன்னா மணவறையில வந்து நிக்கட்டும். ரெண்டும் இல்லாம, ஓடிப்போனவரு மகளைக் கட்டிட்டு வந்துட்டாகன்னு நாளைக்கு எங்க சனம் பேசும். அத என்னால தாங்க முடியாது" என்றாள் அத்தையிடம். கெட்ட மனுஷி அல்ல. பேசும்போது அவளுக்கே கண் கலங்கியது. வெற்றிலைத் தட்டு மட்டும் மாறவில்லை.

அன்றைக்கு மதினி சாப்பிடவில்லை. அத்தை சாப்பிட்டாள். யாரோடோ சண்டைக்குப் போகிறவள்போல வேகவேகமாகச் சாப்பிட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் விருதுநகரிலிருந்து மிளகாய் வற்றல் வியாபாரி ஒருவர் வந்தார். ரங்கூனில் அவருக்குக் கடை இருந்ததால் ரங்கூன் அண்ணாச்சி என்றே பெயர். அங்கே நிலைமை சரியில்லை, கடையை ஒழித்துவிட்டு வரப்போகிறேன் என்று சொல்ல வந்தவர், பேச்சுவாக்கில் ஓர் இடத்தைப் பற்றிச் சொன்னார். ரங்கூனுக்கு வெளியே, சண்டையில் செத்த பட்டாளத்துக்காரர்களுக்கு வெள்ளைக்காரன் பெரிய கல்லறை ஒன்று கட்டியிருக்கிறான். சண்டை ஓய்ந்ததும் கையில் வரைபடத்தோடு ஆட்களை அனுப்பி, காட்டுக்குள்ளும் ஆற்றங்கரையிலும் ரயில் பாதை ஓரத்திலும் அவசரத்துக்குப் புதைத்தவர்களை எல்லாம் தோண்டி எடுத்து, ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறான். அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே உயரத்தில் கல். வரிசை பிசகாது. இடையில் பூச்செடி.

"உசுரோட இருக்கையில ஒரே பந்தியில உக்கார வச்சிருக்க மாட்டானே" என்றார் அப்பா.

"அது கெடக்கட்டும். இன்னொண்ணு கேளுங்க. ஒடம்பு கெடைக்காதவுக இருக்காகள்ல, அவுகளுக்குன்னு நடுவுல பெரிய பெரிய தூணா நிறுத்தி, அம்புட்டுப் பேரையும் செதுக்கிப் போட்டுருக்கான். நம்மூரு பேரு எம்புட்டுங்கிறீக! சுப்பையா, சங்கிலி, மாடசாமி... வாசிக்க வாசிக்க எனக்கு நம்ம சந்தையில நிக்கற மாதிரி இருந்துச்சு."

உள்ளே அத்தையின் கையிலிருந்த முறத்தின் சத்தம் நின்றது.

அப்பா அச்சகத்துக்குப் போய் மெல்லிய தாள் கொஞ்சமும், கல்லச்சில் படம் வரைவதற்கு வைத்திருந்த கறுப்பு மெழுகுக் கட்டி ஒன்றும் எடுத்துவந்தார். கல்லின் மேல் தாளை வைத்து மெழுகால் தேய்த்தால், வெட்டிய எழுத்து மட்டும் வெள்ளையாகத் தெரியும். எப்படித் தேய்க்க வேண்டும் என்று எங்கள் அம்மிக்கல்லிலேயே செய்து காட்டினார். மாமா பெயர் இருந்தால் அப்படியே எடுத்துவருவதாகச் சொல்லி ரங்கூன் அண்ணாச்சி கப்பலேறினார். அவர் திரும்பி வரும்வரை பொறுத்திருக்கிறோம் என்று ஏழாயிரம்பண்ணைக்காரர்களும் சொல்லி அனுப்பினார்கள்.

அவர் வந்தபோது பட்டாசு சீசன் தொடங்கியிருந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கும் ஆள் போய், எல்லோரும் எங்கள் வீட்டுக் கூடத்தில் கூடினார்கள். அண்ணாச்சி கைப்பையிலிருந்து ஒரு குழாயை எடுத்து, உள்ளே சுருட்டியிருந்த தாள்களைத் தரையில் விரித்தார். ஒன்று அல்ல, மூன்று.

"அவுக பேருல அங்கன மூணு பேரு இருக்காக. மூணும் ஒரே பட்டாளம். எனக்கு எதுன்னு தெரியல. மூணையும் எடுத்துட்டு வந்துட்டேன்" என்றார் குற்றவாளிபோல.

இதில் அவர் வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் குலசாமி பெயரைத்தான் தலைப்பிள்ளைக்கு வைப்பார்கள். ஆமத்தூரில் மட்டும் ஒரு தெருவுக்கு ஒரு மாடசாமி இருந்தார். ஒருவரை நெட்டை மாடசாமி, ஒருவரை செவத்த மாடசாமி என்று ஊரில் பிரித்துக்கொள்வார்கள். பட்டாளத்துக்காரனுக்கு அந்த வசதி இல்லை. ஒரே பெயர் வந்த இடத்தில், ஆள் மாறிவிடக் கூடாதென்று, பெயரோடு அவரவர் நம்பரையும் சேர்த்து வெட்டியிருந்தான். கறுப்புத் தாளில் மூன்று முறை மாடசாமி என்று இங்கிலீஷ் எழுத்து, பக்கத்திலேயே நம்பர்.

மாமாவின் நம்பர் அத்தைக்கு மனப்பாடம். கடிதாசி போடும்போதெல்லாம் தபாலாபீஸில் முகவரி எழுதித் தருகிறவரிடம் சொல்லிச் சொல்லி ஏறியது. எனக்கும் மனப்பாடம். தான் வெளியே போயிருக்கும் நேரத்தில் பட்டாளத்திலிருந்து ஏதாவது வந்தால் அடையாளம் தெரிய வேண்டுமென்று, நான் இலக்கம் எழுதப் பழகிய நாளிலேயே சிலேட்டில் அதைத்தான் எழுதவைத்தாள். வேறு யாருக்கும் தெரியாது. காகிதங்கள்தான் அடுப்பில் போய்விட்டனவே. ஒரே பெயரில் பலர் இருப்பார்கள் என்று தோன்றாததால், அண்ணாச்சி புறப்பட்டபோது நம்பரை யாரும் கேட்கவும் இல்லை.

அத்தை வந்து தாள்களுக்கு முன்னால் உட்கார்ந்தாள். நான் அவள் தோளை ஒட்டிக்கொண்டு நின்றேன். முதல் தாளைப் பார்த்தாள். அடுத்ததைப் பார்த்தாள். மூன்றாவதைப் பார்த்தாள். மறுபடியும் முதலிலிருந்து வந்தாள். நிலைப்படிக்குப் பின்னால் மதினியின் சேலை மட்டும் தெரிந்தது. மாப்பிள்ளையின் அம்மா, சாமி வாக்குச் சொல்லக் காத்திருப்பவள்போல இரண்டு கையையும் கோத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

அத்தை நடுத்தாளின் மேல் விரலை வைத்தாள்.

"இதுதான்."

நான் நடுத்தாளைப் பார்த்தேன். அது இல்லை. மற்ற இரண்டும் கூட இல்லை. ஒன்றில் தொடக்கமே வேறு. மற்றொன்றில் முடிவு வேறு. அத்தைக்குக் கண் மங்கிவிட்டது, நாம்தான் சொல்ல வேண்டும் என்று எனக்குப் பட்டது.

"அத்த, நம்ம நம்பரு..."

பளாரென்று அறை விழுந்தது. அத்தை அதுவரை என்னைத் திட்டியதுகூட இல்லை. காது அடைத்துப்போய், அழக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

"பச்சப்பிள்ளய எதுக்குங்க அடிக்கீக?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"எழவு வீட்டுல நின்னு வாயாடுதா" என்றாள் அத்தை. அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்ததும் அவளுக்கே உறைத்துவிட்டது. அப்படியே தாள்களின் மேல் குப்புற விழுந்து அழத் தொடங்கினாள். இத்தனை வருஷமாகத் தொண்டைக்குள் வைத்திருந்த அழுகை. மாரில் அடித்துக்கொண்டு, என் ராசா என்று கூப்பிட்டு அழுதாள். பெண்கள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். அப்பா மட்டும் நகரவில்லை. என் கன்னத்தையும், அத்தையின் முதுகையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து தாள்களை ஒவ்வொன்றாக உருவி எடுத்துச் சுருட்டினார்.

இன்றைக்கு எனக்குத் தெரிகிறது. மூன்றிலும் மாமா இல்லை. மாமா உயிரோடு இருக்கிறார் என்று அத்தை இத்தனை காலம் நினைத்தது தப்பென்று அந்தக் கல் சொல்லவில்லை. அவள் வேண்டிக்கொண்டிருந்த வரம் கைக்கு வந்த அதே நொடியில், அதைத் தூக்கி மகளுக்காகக் கொடுத்துவிட்டாள். 'கல்லில் இல்லை' என்று சொல்லியிருந்தால் மாமா ஓடிப்போனவர் ஆகியிருப்பார், மதினி ஓடிப்போனவரின் மகள் ஆகியிருப்பாள். மாமாவின் பெயர் வேறு எந்த நாட்டில், எந்தத் தூணில் இருக்கிறதோ, எங்குமே இல்லையோ. அப்படிப்பட்ட தூண்கள் பல ஊர்களில் உண்டு என்பதே எங்களுக்கு அப்போது தெரியாது.

இனிச் சடங்கு நடக்க வேண்டும். எரிக்க உடல் இல்லாததால், பெரியவர்கள் வைக்கோலில் ஆள் செய்யச் சொன்னார்கள். மாமாவின் சட்டை ஒன்று டிரங்குப் பெட்டியில் பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்தது. அதை வைக்கோலுக்கு மாட்டினார்கள். உள்ளே தாள் ஒன்றையும் சேர்த்து வைக்கச் சொன்னாள் அத்தை. அவள் விரல் வைத்த அந்த நடுத்தாள். எங்கோ ஒரு வீட்டில் யாருக்கோ கணவனாக, யாருக்கோ மகனாக இருந்த, நாங்கள் முகமறியாத அந்த மாடசாமி, எங்கள் மாமாவின் சட்டைக்குள் எரிந்து போனார். அடுத்தடுத்த வருஷங்களில் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் அப்பா எள்ளும் தண்ணீரும் இறைத்தாரே, அது யாரைப் போய்ச் சேர்ந்ததோ தெரியாது. அவர் வீட்டாருக்கு அவர் பெயர் கல்லில் இருப்பது தெரியுமோ, அதுவும் தெரியாது.

அத்தையின் தாலியைக் கழற்றிய அன்று சிறுபிள்ளைகளை அந்தப் பக்கம் விடவில்லை. மறுநாள் வெள்ளைச் சேலையில், வெறும் நெற்றியோடு உலை வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் பக்கத்தில் போகப் பயமாக இருந்தது. அவளே கூப்பிட்டு, அறைந்த கன்னத்தைத் தடவிவிட்டு, "வலிச்சுச்சா?" என்றாள். "அந்த நம்பர மறந்துரு. இனி வேண்டாம்" என்றாள். மறந்துவிட்டேன் என்று சொன்னேன்.

மதினிக்கு மட்டும் ஒரு பெருமை வந்திருந்தது. "எங்கப்பா பேரு கல்லுல இருக்காம். வெள்ளக்காரன் தெனமும் தண்ணி தெளிச்சுப் பூச்செடி வளக்கானாம்" என்று பக்கத்து வீட்டுப் பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து அப்பாவைப் பற்றிச் சொல்ல அவளுக்கு ஒன்றும் இருந்ததில்லை. அதைக் கேட்டுக்கொண்டே அத்தை அரிசி களைந்தாள்.

பத்திரிகைக்கு அப்பாவே அச்சுக் கோத்தார். 'ஆமத்தூர் காலஞ்சென்ற மாடசாமி அவர்களின் ஏக புத்திரி' என்று வந்தது. பிழை திருத்துகிற தாளை உரக்க வாசித்துக் காட்டுவது என் வேலை. ஓர் எழுத்து தலைகீழாக நின்றாலும் அப்பாவுக்குத் தூக்கம் வராது. அவர் அச்சகத்திலிருந்து பிழையோடு ஒரு தாள் வெளியே போனதில்லை என்று சிவகாசியில் போட்டிக்காரர்களே சொல்வார்கள். கட்டுக் கட்டாக அடித்து, மஞ்சள் தடவி அடுக்கினோம்.

முதல் பத்திரிகை குலசாமிக்கு. பெண்ணுக்கு அப்பா வழிச் சாமிதான் குலசாமி என்பதால், ஆமத்தூருக்கு வெளியே கரிசல் காட்டுக்குள் இருக்கிற மாடசாமி பீடத்துக்கு அப்பாவும் அத்தையும் நானும் பஸ் ஏறிப் போனோம். வேலமர நிழலில் சுண்ணாம்பு அடித்த பீடம். சுற்றிலும் ஆள் இல்லை. அத்தை தள்ளியே நின்றாள். அப்பா தேங்காய் உடைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்து என்னிடம் கொடுத்தார். "வாசிச்சுட்டுச் சாமி காலடியில வை."

வாசித்தேன். அந்த வரிக்கு வந்ததும் நின்றுவிட்டேன்.

'ஆமத்தூர் திரு. மாடசாமி அவர்களின் ஏக புத்திரி.'

"அப்பா, இதுல தப்பு இருக்கு. காலஞ்சென்றங்கிறது விட்டுப்போச்சு. 'திரு'ன்னு விழுந்திருக்கு."

அப்பா என்னைப் பார்க்கவில்லை, அத்தையைப் பார்த்தார். அத்தை இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிக் கண்ணை மூடியிருந்தாள். ஆனால் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கண் ஓரத்தில் தண்ணீர் இறங்கியது.

"ஆமா, விட்டுப்போச்சு. இருக்கட்டும், வை" என்றார் அப்பா.

"வேற நல்லதா ஒண்ணு கொண்டாந்து வைப்போமே. சாமிக்கு வைக்கிறதுலயா தப்பு இருக்கும்?"

"சாமி ஒண்ணும் நெனைக்காது. வை தாயி."

வைத்தேன். காற்றில் பறந்துவிடாமல் அத்தை வந்து அதன் மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்தாள்.

மாமா வரவே இல்லை. மதினி ஏழாயிரம்பண்ணையில் நன்றாகத்தான் வாழ்ந்தாள். நாங்கள் ஊர் ஊராகப் போய் வைத்த பத்திரிகைகளில் எல்லாம் காலஞ்சென்ற என்று சரியாகத்தான் இருந்தது. அந்த ஒன்றுக்கு மட்டும் அப்பா ஆளில்லாத நேரத்தில் அச்சகத்துக்குப் போய், கோத்து வைத்த வரியிலிருந்து அந்தச் சொல்லை உருவிவிட்டு, 'திரு'வை வைத்து ஒரே ஒரு தாள் அடித்திருக்கிறார். அத்தைதான் கேட்டாளா, அவராகவே செய்தாரா, இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டதால் இனித் தெரியாது. ஊர் முழுக்கச் சொல்லத் துணிந்ததை, அந்த ஒரு பீடத்துக்கு முன்னால் சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எட்டவில்லை. அப்பா முதல்முறையாகப் பிழை விட்டுவிட்டார், அதுவும் சாமிக்கு வைக்கிற தாளில் என்று நினைத்து, பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவருக்காக வெட்கப்பட்டுக்கொண்டு வந்தேன்.